சக்கரத்தடியில் வைத்த கல்

எங்கள் பக்கத்தில் அதைச் 'சக்கரம்' என்றுதான் சொல்வார்கள். "சக்கரத்தாண்ட நில்லு, வந்துகினே கீறேன்" என்றால் நெமிலிச்சேரியில் எந்த ஆட்டோக்காரருக்கும் புரியும். போர் நினைவுச்சின்னம் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிவார். மெயின் லைனுக்கும், ராணுவக் கிடங்குப் பக்கம் பிரிந்து போகும் சைடிங் லைனுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம். அதில் ஒரு சிமெண்டு மேடை. மேடைமேல் பழைய கூட்ஸ் வண்டியின் ஒரு ஜோடி இரும்புச் சக்கரம், நடு அச்சோடு அப்படியே. பின்னால் இரண்டு தண்டவாளத் துண்டுகளை நட்டு நிறுத்தி, குறுக்கே ஒரு ஸ்லீப்பர் கட்டையை வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு கட்ட ஆரம்பித்து வாசற்காலோடு விட்டுவிட்டுப் போனதுபோல இருக்கும்.

கருங்கல் பலகை ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் நான்கு வரி. உலகப் போரில் தண்டவாளம் போட இந்தப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போய்த் திரும்பாத சிப்பாய்களுக்கும் கூலிகளுக்கும் என்று அர்த்தம். பெயர் ஒன்றுகூடக் கிடையாது. பல வருஷமாக அந்த மேடையை உரசிக்கொண்டு ஓடிப்போய் வண்டி பிடித்தவள் நான். அந்த நான்கு வரியை என் தம்பி செத்த பிறகுதான் படித்தேன்.

அவன் எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பெரிய கதை ஒன்றும் இல்லை. மாசி மாதம், காலை நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. சக்கரத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, லைனைக் குறுக்கே கடந்து பிளாட்பாரத்தில் ஏறுவான். எல்லோரும் அப்படித்தான் ஏறுவோம். நடைமேம்பாலம் அந்தக் கோடியில் இருக்கிறது. சுற்றிப் போய் ஏறி இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அன்றைக்கு ஒரு லோக்கல் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் வாலைச் சுற்றி வந்தவன், அதற்கு அப்பால் எக்ஸ்பிரஸ் வருவதைப் பார்க்கவில்லை. நிற்கிற வண்டி யாரையும் ஒன்றும் செய்யாது, அது மறைக்கிற வண்டிதான் ஆளை எடுக்கும். எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூட இது தெரியும். அவனுக்கும் தெரியும். முட்டாள் பயல். பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரயில்வே போலீஸ் காகிதத்தில் 'அத்துமீறி நுழைந்தவர்' என்று எழுதினார்கள். எழுதியவரிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். "அத்துமீற அவன் என்ன சுவரேறிக் குதித்தானா? வேலைக்குப் போனான்" என்று கத்தினேன். அவர் நல்ல மனிதர். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கருமாதிக்குக் கல் வேண்டும். செத்தவர் உயிரை ஒரு கல்லில் நிறுத்திப் படைத்து, அன்றைக்கே அந்தக் கல்லைத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். ஆனால் லைனில் அடிபட்டுப் போனவர்களுக்கு எங்கள் பக்கத்தில் வேறு கணக்கு. ஆயுசு முடிவதற்குள் போனவர்கள், செத்த இடத்தை விட்டு ஒரு வருஷம் நகர மாட்டார்கள் என்பார்கள். அதனால் அடிபட்ட இடத்தில் கிடக்கும் ஜல்லிக்கல்லில் ஒன்றைப் பொறுக்கி, மஞ்சள் பூசி, சக்கரத்தடியில் வைத்துவிடுவார்கள். வருஷ திவசம் வரை கல் அங்கேயே இருக்கும். அன்றைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கடலிலோ ஏரியிலோ விட வேண்டும். அதுவரைக்கும் அவர்கள் அங்கே இருக்கிறார்கள், விட்ட பிறகுதான் போவார்கள்.

இதை யார் தொடங்கினார்களோ தெரியாது. லைன்மேல் கற்பூரம் ஏற்ற விடமாட்டார்கள், விரட்டுவார்கள். பக்கத்தில் மேடை என்று இருந்தது இது ஒன்றுதான். ஏன் இங்கே என்று அம்மாவைக் கேட்டதற்கு, "இவங்களும் தண்டவாளத்துல போனவங்கதானடி? தொணைக்கு இருப்பாங்க" என்றாள். அந்த நான்கு வரியை அம்மாவால் படிக்க முடியாது. யாரோ சொல்லித் தெரிந்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தம்பியும் அவளும் பழைய வீட்டில், லைனுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவன் போன பிறகு வெள்ளானூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். லிஃப்ட் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, ஐ.டி.யில் வேலை பார்க்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "பாட்டி, சாப்டீங்களா" என்று கேட்கிறார்கள். அம்மா எதையும் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்துச் சக்கரத்துக்குப் போய்விடுவாள். ரயிலில் ஏறவே மாட்டாள். ஆவடிக்குப் போவதானாலும் பஸ்தான்.

போய் என்ன செய்வாள்? கல்லைத் துடைப்பாள், மஞ்சள் பூசுவாள், பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரத்துச் சங்கதியெல்லாம் சொல்வாள். "அக்கா ஊட்டுல புது மிக்சி வாங்கிக்கீது. சத்தம்தான் தாங்கல." ஒருமுறை லீவு போட்டு நானும் கூடப் போனபோது இதைக் கேட்டேன். மிக்சியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.  கல்லைப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

அங்கே ஒரு காவல்காரர் உண்டு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு காக்கிச் சட்டையில் நிற்பார். மேடையைப் பெருக்குவது, சக்கரத்துக்கு எண்ணெய் தடவுவது, வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைக்கும்போது கதவைத் திறந்துவிடுவது அவர் வேலை. கல் வைக்கிறவர்களோடு அவருக்கு ஓயாத சண்டை.

"இது கோயில் இல்லம்மா, மெமோரியல்! ஷூ போட்டுகினு சல்யூட் அடிக்கிற இடம். மஞ்சள் தடவுனா சிமெண்டுல கறை போவாது தெரியுமா?"

"கறை படிஞ்சா படியட்டும்பா. உன் சட்டையிலயா தடவுறேன்?" என்பாள் அம்மா.

அப்படிக் கத்துகிறவர்தான், மழை நாளில் கற்களின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடி வைத்திருப்பார். அம்மா வர நேரமானால், "இன்னாம்மா, இந்த வாரம் லேட்டு" என்று விசாரிப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் வரும் இன்னொருவர் பூந்தமல்லி பாய். தோல் செருப்புக் கடை வைத்திருக்கிறார். கல்லூரிக்குப் போன மகள் இந்த லைனில்தான் அடிபட்டுப் போனாள். தொழுகை முடிந்து ஒரு பொட்டலம் ரோஜா இதழோடு வருவார். கருங்கல் பலகைக்குக் கீழே தூவிவிட்டு, கையேந்திக் கொஞ்ச நேரம் நிற்பார். மகளைப் பூந்தமல்லியில் அடக்கம் செய்திருக்கிறார்கள், அங்கேயும் போவார். "அங்க அவ கீறா. ஆனா கடைசியா நடந்தது இங்கதானேம்மா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது மீதி ரோஜாவைக் கற்களின்மேல் போட்டுவிட்டுப் போவார்.

தை முடிந்து மாசி பிறக்கிற சமயம். தம்பியின் திவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அம்மா ஒரு மஞ்சப்பையைத் துவைத்துக் காயவைத்து மடித்து எடுத்து வைத்திருந்தாள், கல்லைக் கொண்டுபோவதற்கு. ரயிலில்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். "அவன் ஏறப் போன வண்டியில அவன ஏத்தி வுட்டுடணும்" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அவள் வருஷம் முழுக்கச் சோறு தின்று உயிரை வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரத்தில்தான் மலர்வளைய நிகழ்ச்சி நடந்திருக்கிறது. யாரோ பெரிய அதிகாரி வந்தாராம். எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அம்மாவோடு நானும் போனேன். திவசத்துக்கு முன்னால் கல்லுக்குக் கடைசியாக ஒரு முறை மஞ்சள் பூச வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள்.

இடமே மாறிப்போயிருந்தது. மேடைக்குப் புது வெள்ளை, சக்கரத்துக்கு வெள்ளி பெயின்ட், வாடாத மலர்வளையம் ஒன்று. சக்கரத்தடியில் குவியலாகக் கிடந்த கற்களைக் காணோம். மேடையைச் சுற்றி ஒழுங்காக வரிசை கட்டியிருந்தார்கள். ஒரு கல் வெள்ளை, ஒரு கல் காவி, ஒரு கல் வெள்ளை, ஒரு கல் காவி. நூல் பிடித்த மாதிரி நேராக.

ஆவடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். ராணுவக் குடியிருப்புக்குள் போனால் மரத்தின் அடி, பாதையோரக் கல், மணல் வாளி எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பும் காவியும் அடித்திருப்பார்கள். பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் கண்ணில் படும் கல்லெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும்.

காவல்காரர் சிரித்த முகமாக வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களாம்மா? சூப்பர்வைசர் வந்து, குப்பைய வாரி லைன்ல போடுய்யான்னுட்டாரு. ஆள் வெச்சி வாரவும் ஆரம்பிச்சிட்டானுங்க. நான்தான் குறுக்கால வுழுந்தேன். சாப், இது குப்பை இல்ல, பார்டர் கல்லு, பெயின்ட் அடிக்கிறதுக்கு வெச்சிக்கீறேன்னு சொன்னேன். ராவெல்லாம் முழிச்சி நானே அடிச்சேன். ஒரு கல்லுகூட வெளிய போவல. அதிகாரி சூப்பரா கீதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அம்மா வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாக நடந்தாள். திரும்பி வந்தாள்.

"என் புள்ள எது?" என்று கேட்டாள்.

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உன் வீட்டுப் பிணத்துக்கு இப்படிச் சுண்ணாம்பு அடித்து வரிசையில் நிறுத்துவாயா என்றுகூடக் கேட்டேன். அவர் தன் கொட்டகைக்கு உள்ளே போய்க் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கொண்டுவந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார். காவிக்குக் கீழே மஞ்சள் தெரிந்தது. அடுத்த கல்லைத் தேய்த்தார். சுண்ணாம்புக்குக் கீழேயும் மஞ்சள். அதற்கு அடுத்ததிலும் மஞ்சள்தான். எல்லாமே லைனில் பொறுக்கிய ஜல்லி, எல்லாமே ஒரு பிடி அளவு, எல்லாவற்றுக்கும் எவளோ ஒருத்தி மஞ்சள் பூசியிருக்கிறாள்.

"வுடுடி அவர. காப்பாத்தத்தான் பாத்தாரு" என்றாள் அம்மா.

பாய் கொஞ்சம் தள்ளி ரோஜாப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். "எங்கள்ல கல்லு வெக்கிறது இல்லம்மா. அதனால எனக்குத் தொலையறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். யாருக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு வரிசை நெடுகக் குனிந்து குனிந்து ஒவ்வொரு கல்லின்மேலும் ஒரு இதழ் வைத்துக்கொண்டே போனார். அன்றைக்குக் கருங்கல் பலகைக்குப் பூ மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தினமும் போனாள். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பினாள். வருஷம் முழுக்கத் தடவிய கல்லாயிற்றே. ஒவ்வொன்றாக எடுப்பாள், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் உருட்டுவாள், வைத்துவிடுவாள். சாயங்காலம் விரல் இடுக்கெல்லாம் காவியும் சுண்ணாம்புமாக வீட்டுக்கு வருவாள். மற்றவர்களும் சேதி கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி எந்தக் கல்லாக இருந்தால் என்ன என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரே கல்லை இரண்டு பெண்கள் என்னுடையது என்று பிடித்து இழுத்ததையும், காவல்காரர் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டதையும் நான் பார்த்தேன். அவர் மீசை முறுக்கு இறங்கிப்போயிருந்தது.

எனக்கு அந்த நாட்களில் எல்லோர்மேலும் வெறுப்பு. மலர்வளையம் வைத்தவர்மேல், செத்தவன்மேல், அம்மாவின் நம்பிக்கைமேல். ஒருநாள் அந்தக் கருங்கல் பலகைக்கு முன்னால் நின்று, உங்களுக்கென்ன, வருஷா வருஷம் மலர்வளையம் வைத்துப் பிகில் ஊதுகிறார்கள் என்று முணுமுணுத்தேன். சொன்ன வாய் மூடுவதற்குள் வேறு யோசனை வந்தது. எந்தக் காட்டிலோ தண்டவாளம் போட்டுக்கொண்டே செத்தவர்கள். பெயர் இல்லை, உடம்பு வரவில்லை. அவர்கள் வீட்டிலும் யாரோ கல்லை வைத்திருப்பார்கள், எந்த இடத்துக் கல் என்று தெரியாமலே. அவர்களை யார் கொண்டுபோய் விட்டார்கள்? யோசித்ததில் கோபம் குறையவில்லை. யாரைத் திட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

திவசத்தன்று காலை. குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அம்மா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டாள். சக்கரத்துக்குப் போனோம். வரிசையில் அங்கங்கே இடைவெளி விழுந்திருந்தது. அம்மா நேராகக் கடைசிக்குப் போய் அங்கே இருந்த சின்னக் கல்லைக் கையில் எடுத்தாள். மற்றதில் பாதிகூட இருக்காது, ஒரு பக்கம் மூளியாக உடைந்திருந்தது.

"இது அவனுது இல்லம்மா" என்றேன். அவனுக்குக் கல் பொறுக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"தெரியும்டி" என்றாள்.

காவல்காரர் ஓடி வந்தார். "அம்மா, அது வேற. அது அந்த வடக்கத்திப் பையனுது. பட்டறையில வேல செஞ்சானே, அவன். கூட வேல செஞ்சவங்கதான் நம்ம ஆளுங்களப் பாத்துட்டு ஒரு கல்லு வெச்சாங்க. அப்புறம் அவங்களும் ஊருக்குப் பூட்டானுங்க. ரெண்டு வருஷம் மேல ஆவுது, ஒருத்தரும் வரல."

"நான் தேடிகினு இருந்தப்பவே நீதான் சொன்னியேப்பா. அதான் எடுத்தேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்குப் பைத்தியமா? திவசம் உன் பிள்ளைக்கு. இருக்கிறதில் ஒன்றை எடு, அவனுடையதாக இருந்தாலும் இருக்கும்" என்று கத்தினேன். எங்களைத் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை அம்மா காத்திருந்தாள்.

"எத எடுத்தாலும் இன்னொருத்தி புள்ளையா இருந்துடுமோன்னு பயமா கீது. இது ஒண்ணுதான் யாருதுன்னு தெரியுது. இத எடுக்கவும் ஆள் இல்ல. என் புள்ளய எவளாவது தன் புள்ளன்னு நெனச்சி எடுத்துகினு போவா. பெத்தவதானே, நல்லாத்தான் கொண்டு போவா."

அம்மா கல்லை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள். நடைமேம்பாலத்தில் ஏறினோம். அம்மாவுக்கு மூட்டு வலி, படிக்குப் படி நின்றாள். குறுக்கே போகலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணனூர் ஷெட்டில் நிற்கும் வண்டிகளை எண்ணெய் படிந்த கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்தபடி வந்தாள். அம்பத்தூரில் வேலைக்கு இறங்குகிற கூட்டம் திமுதிமுவென்று இறங்கியது. அவன் இறங்க வேண்டிய இடம். அம்மா பையின் வாயைக் கொஞ்சம் திறந்து, "இறங்காத, இன்னும் போவணும்" என்றாள். அந்த வடக்கத்திப் பையனும் அம்பத்தூரில்தான் வேலை பார்த்தானாம்.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். வெயில் ஏறிவிட்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று அம்மா அந்த மூளிக் கல்லைக் கழுவினாள். காவி கரைந்து போயிற்று. மஞ்சள் பூசினாள், எள்ளும் தண்ணீரும் விட்டாள். பெயர் சொல்லித்தான் விட வேண்டும். அவனுடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது.

"யாரு பெத்த புள்ளையோ. போய்ச் சேருப்பா" என்று விட்டுவிட்டாள்.

பிறகு கரையில் வந்து உட்கார்ந்து, வருஷம் முழுக்க அழாததையெல்லாம் சேர்த்து வைத்து அழுதாள். என் புள்ள அங்கேயே நிக்கிறானே, என் புள்ள அங்கேயே நிக்கிறானே என்று மணலில் அடித்துக்கொண்டாள். சுண்டல் விற்கிற பெண் தண்ணீர் கொடுத்தாள். தெரிந்தே செய்த காரியம்தான். அதற்காக வலிக்காமல் இருக்குமா?

இப்போது நான் குறுக்கே கடப்பதில்லை. சுற்றிப் போகிறேன், வண்டியை விடுகிறேன், ஆபீசில் திட்டு வாங்குகிறேன். மேம்பாலத்தின் மேலிருந்து பார்த்தால் சக்கரமும் அதைச் சுற்றிய வரிசையும் தெரியும். மழையில் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. காவல்காரர் மறுபடி அடிக்கவில்லை. வரிசை குறைந்துகொண்டே வருகிறது, நடுநடுவே புதுக் கற்களும் சேர்கின்றன. மிச்சம் இருக்கிற பழைய கற்களில் ஒன்று என் தம்பி, அல்லது அவனை யாரோ ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். அம்மா வெள்ளிக்கிழமை போவதை நிறுத்திவிட்டாள். மிக்சி சத்தத்தைப் பற்றி இப்போது என்னிடமே குறைப்படுகிறாள்.

போன வாரம் காலை வண்டியில் ஒரு பெண் ஏறினாள். என் வயதுதான் இருக்கும். முந்தானையில் எதையோ முடிந்து வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். முடிச்சின் ஓரத்தில் துணி காவியாக இருந்தது. உட்கார இடம் இல்லை. நான் எழுந்து என் ஜன்னலோர சீட்டைக் கொடுத்தேன்.

"கடலுக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எங்க ஊட்டுக்காரரு" என்றாள்.

அம்பத்தூர் வந்தது. நான் இறங்க வேண்டும், இறங்கவில்லை. கூட்டம் இடித்தது. அவள் கை அந்த முடிச்சிலிருந்து நழுவியது.

"கொஞ்சம் கெட்டியா புடிச்சிக்கம்மா" என்றேன்.